இன்னாருடைய மனைவி!

1903-ம் ஆண்டு. பாரிஸ் நகரம்.

உலகப் புகழ் பெற்ற சிற்பி ரோடினைப் பார்க்க ஒரு ஜெர்மன் பெண் போனார். வயது 27. கையில் ஒரு சிபாரிசுக் கடிதம்.

கடிதம் கொடுத்தவர் ரில்கே. ஜெர்மன் மொழியின் மகாகவி என்று பிற்காலத்தில் பெயர் வாங்கியவர். ரோடினுக்கு வேண்டியவர்.

கடிதத்தில் ரில்கே என்ன எழுதினார்? வருகிறவர் மிகச் சிறந்த ஜெர்மன் ஓவியர் ஒருவரின் மனைவி என்று எழுதினார்!

அந்தப் பெண்ணே ஓர் ஓவியர். ரில்கேக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். மூன்று வருஷப் பழக்கம். அந்தப் பெண் படம் எழுதும் அறையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசியவர்தான். ஆனாலும் பேனாவை எடுத்ததும் கைக்கு வந்தது, "இன்னாருடைய மனைவி" என்பதுதான்.

அந்தப் பெண்மணியின் பெயர் பவுலா மோடர்சோன்-பெக்கர்.

31 வயதில் இறந்து போனார். அதற்குள் அவர் தீட்டிய வண்ணப் படங்கள் 700-க்கு மேல். கோட்டுப் படங்கள் 1,000-க்கு மேல். உயிரோடு இருந்தபோது விற்றவை எத்தனை? ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

ஜெர்மனியில் புதுமை ஓவியத்துக்கு வழி திறந்தவர்களில் பவுலாவும் ஒருவர் என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அவருடைய கதையைச் சொல்ல வருகிறவர்கள், முதலில் அவருடைய மரணத்தைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். கண்ணீர் வரவழைக்கும் மரணம்தான். என்றாலும் கண்ணீரைவிடக் கோபப்படவேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது.

இந்தக் கதையில் கொடுமைக்காரர் யாரும் கிடையாது. தகப்பனார் நல்லவர். கணவர் நல்லவர். நண்பர் மகாகவி. எல்லோரும் பவுலாவிடம் பிரியமாகத்தான் இருந்தார்கள். அவருடைய படங்களைத்தான் நிதானமாக நின்று பார்க்கவில்லை!

அப்பாவின் கவலை

பவுலா 1876-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி டிரெஸ்டன் நகரில் பிறந்தார். ஏழு குழந்தைகளில் மூன்றாவது. தகப்பனார் ரெயில்வே என்ஜினீயர். பவுலாவுக்கு 12 வயது ஆனபோது குடும்பம் பிரேமன் என்ற துறைமுக நகரத்தில் குடியேறியது.

மகளுக்குப் படம் வரைவதில் ஆசை என்பது தகப்பனாருக்குத் தெரியும். தடுக்கவில்லை. ஆனால் படம் சோறு போடுமா? முதலில் உபாத்தியாயினி பரீட்சைக்குப் படிக்கச் சொன்னார். பவுலா இரண்டு வருஷம் படித்து, பரீட்சையிலும் தேறினார். அதற்குப் பிறகுதான் பெர்லினுக்குப் போய் ஓவியம் கற்றுக்கொள்ள அனுமதி கிடைத்தது.

அங்கேயும் அரசாங்க ஓவியக் கல்லூரியில் இடம் இல்லை. அந்தக் கல்லூரிகளில் பெண்களைச் சேர்க்கமாட்டார்கள். 1919-ம் ஆண்டு வரையில் ஜெர்மனியில் அதுதான் வழக்கம். பெண் ஓவியர்கள் சங்கம் நடத்திய தனிப் பள்ளிக்கூடத்தில்தான் பவுலா சேர்ந்தார்.

1898-ல் வோர்ப்ஸ்வேட என்ற கிராமத்துக்கு வந்தார். பிரேமனுக்குப் பக்கத்து ஊர். சுற்றிலும் சதுப்பு நிலம். அந்தச் சதுப்பு மண்ணை வெட்டி எடுத்துக் காயவைத்தால் விறகு மாதிரி எரியும். அதை வெட்டி விற்றுப் பிழைத்த ஏழை ஜனங்களின் ஊர் அது. அந்த ஊர் வானத்தின் அழகைப் பார்த்து மயங்கி, சில ஓவியர்கள் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வானத்தையும், வாய்க்காலையும், வெள்ளைப் பட்டை மரங்களையும் வரைந்தார்கள்.

பவுலா யாரை வரைந்தார் தெரியுமா? அநாதை விடுதியில் கிடந்த கிழவிகளை! மூக்கு ஒழுகும் குடியானவக் குழந்தைகளை!

அந்த ஊரில்தான் கிளாரா என்ற சிற்பக்காரப் பெண் பவுலாவுக்குச் சிநேகிதி ஆனார். இரண்டு பேருக்கும் இளம் வயது. 1900-ம் ஆண்டு கோடையில் ஒரு நாள் சாயங்காலம் மாதாகோவில் கோபுரத்தில் ஏறி, உற்சாகத்தில் மணியை அடித்துவிட்டார்கள். ஊரில் தீப்பிடித்துவிட்டது என்று ஜனங்கள் ஓடி வந்தார்கள்! அபராதம் கட்டப் பணம் ஏது? அதற்குப் பதிலாக, கோவிலுக்குள் வேலைப்பாடு செய்து கொடுத்தார்கள். கிளாரா தேவதைக் குழந்தைகளின் தலைகளைச் செய்தார். பவுலா பூக்களைத் தீட்டினார். அவை இன்றும் அந்தக் கோவிலில் இருக்கின்றன. பவுலாவின் வேலை உள்ளூரில் நிரந்தரமாக இடம் பிடித்தது ஒரு தண்டனையால்தான்!

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1899-ம் ஆண்டு டிசம்பரில், பிரேமன் கலைக்கூடத்தில் பவுலாவின் படங்கள் முதல் முதலாக வைக்கப்பட்டன. பிட்கர் என்ற விமர்சகர் பத்திரிகையில் எழுதினார். இவற்றைப் பற்றிச் சொல்லச் சுத்தமான பாஷை போதாது என்கிற தோரணையில் எழுதினார்! படங்கள் சுவரிலிருந்து இறங்கின.

வேறு யாராக இருந்தாலும் தூரிகையை மூட்டை கட்டியிருப்பார்கள். பவுலா தம்முடைய துணிமணிகளை மூட்டை கட்டினார். டிசம்பர் 31-ந் தேதி ராத்திரி பாரிசுக்கு ரெயில் ஏறினார். புதிய நூற்றாண்டு பிறந்தபோது அவர் ரெயிலில் இருந்தார்.

பாரிசில் ஒரு படக்கடை. சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த படங்களை பவுலா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். மறுபடியும் கிளாராவை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அவை செசான் தீட்டியவை. புதுமை ஓவியத்தின் தந்தை என்று இன்று கொண்டாடப்படுகிற செசானை அப்போது ஜெர்மனியில் கேள்விப்பட்டவர்களே குறைவு. 24 வயதுப் பெண், யாரும் சொல்லாமல், தானாகவே கண்டுகொண்டார்!

சமையல் பள்ளிக்கூடம்

வோர்ப்ஸ்வேட ஓவியர்களில் ஒருவர் ஓட்டோ மோடர்சோன். பவுலாவைவிட 11 வயது மூத்தவர். மனைவியை இழந்தவர். எல்ஸ்பெத் என்று ஒரு சின்னப் பெண் குழந்தை. பவுலாவும் அவரும் விரும்பினார்கள். கலியாணம் நிச்சயம் ஆயிற்று.

பெற்றோர் ஒரு நிபந்தனை போட்டார்கள். கலியாணத்துக்கு முன்னால் பெண் சமையல் கற்றுக்கொள்ள வேண்டும்! பவுலா 1901-ல் பெர்லினுக்குப் போய்ச் சமையல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். உபாத்தியாயினி பரீட்சைக்கு இரண்டு வருஷம் பொறுத்தவருக்கு இது இரண்டு மாதம்கூடப் பிடிபடவில்லை. ஊர் திரும்பிவிட்டார். மே 25-ந் தேதி கலியாணம் நடந்தது.

1902-ம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகை. எல்லா வீடுகளிலும் விருந்து. பவுலா அடுக்களையில் இருக்கிறார். அடுப்பில் கறி வேகிறது. மடியில் வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் நோட்டு. அதில் அவர் கணக்கு எழுதவில்லை. கலியாணம் ஆனதால் மனிதருக்குச் சந்தோஷம் கூடிவிடுவதில்லை என்று எழுதுகிறார். முதல் வருஷத்தில் நிறைய அழுததாகவும் எழுதுகிறார். அரிசி, பருப்புக் கணக்கு எழுதும் நோட்டில் தன் மனக் கணக்கை எழுதிய பெண்கள் உலகம் முழுவதும் இருப்பார்கள். பவுலாவின் நோட்டு பிழைத்துக்கொண்டது.

ஓட்டோ பொல்லாதவர் என்று நினைக்கக்கூடாது. பவுலா படம் எழுதுவதற்காகக் குடியானவர் வீடு ஒன்றில் தனி அறை வைத்துக்கொள்ள அவர் தடை சொல்லவில்லை. பாரிசுக்குப் பணம் அனுப்பினார். தம்முடைய நாட்குறிப்பில், தம் மனைவி பெரிய ஓவியராக வருவார் என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக் கணவர்களில் அது அபூர்வம்.

ஆனால் அதே நாட்குறிப்பில், 1903-ல், அவர் சலித்துக்கொள்கிறார். மனைவி வரையும் கை கரண்டி மாதிரி இருக்கிறதாம்! முகத்தில் களை இல்லையாம்! யோசனை சொன்னால் கேட்பதில்லையாம்!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பவுலாவின் படத்தில் கை ஏன் அப்படி இருக்கிறது? தெரியாமல் வரைந்ததா? பெர்லினில் படித்தபோது அவர் போட்ட கோட்டுப் படங்களைப் பார்த்தால் தெரியும். விரல், நகம், நரம்பு எல்லாம் இம்மி பிசகாமல் போட்டிருக்கிறார். பிற்காலத்தில் வேண்டுமென்றே அதை விட்டார்.

பார்த்ததைப் பார்த்தபடி காட்டப் போட்டோ இருக்கிறது. பவுலாவுக்கு வேண்டியது வேறு. பாரிஸ் காட்சி சாலையில் பழைய எகிப்து நாட்டு முகப் படங்களை அவர் பார்த்திருந்தார். இறந்தவர் உடலோடு வைத்துக் கட்டிய படங்கள் அவை. அகலக் கண். அலங்காரம் இல்லை. பார்க்கிறவரை நேருக்கு நேர் பார்க்கும் முகம். அந்த மாதிரி, குறைந்த கோட்டில் நிறையச் சொல்ல வேண்டும் என்று பவுலா பாடுபட்டார். வண்ணத்தைக் கனமாக அப்பினார். ஈரம் காய்வதற்குள் தூரிகையின் பின்புறக் கட்டையால் கீறினார். படம் மண் சுவர் மாதிரி சொரசொரப்பாக இருக்கும்.

அவர் வரைந்த குழந்தைகள் சிரிக்கமாட்டார்கள். காலண்டர் படத்துக் குழந்தை மாதிரி கன்னத்தில் குழி விழாது. ஆனால் ஏழை வீட்டில் தம்பியை இடுப்பில் சுமக்கும் பெண் எப்படி நிற்பாளோ, அப்படி நிற்பார்கள். பூசணிக்காயை வரைந்தால் அது பூசணிக்காயாகவே கனக்கும். தாய் தன் குழந்தையை அணைத்துப் படுத்திருக்கும் படம் ஒன்று உண்டு. 1906-ல் வரைந்தது. இரண்டு பேர் மேலும் துணி இல்லை. ஆபாசமும் இல்லை. மாதாவைப் போல ஒளிவட்டமும் இல்லை. பால் கொடுத்த அசதியில் தூங்கும் ஒரு பெண் உடம்பு. அவ்வளவுதான். அந்த அசதியை அதற்கு முன் அவ்வளவு மரியாதையாக வரைந்தவர்கள் மிகவும் குறைவு.

கணவர் கண்ணுக்கே இது படவில்லை என்றால், மற்றவர்களைச் சொல்வானேன்? வோர்ப்ஸ்வேட ஓவியர்களைப் பற்றி ரில்கே ஒரு புத்தகம் எழுதினார். ரோடினுக்குக் கடிதம் கொடுத்த அதே 1903-ல் வெளிவந்தது. ஐந்து ஓவியர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். பவுலாவின் பெயர் அதில் இல்லை!

இரண்டே எழுத்து

பவுலாவுக்கு 30 வயது நிறைந்தது. இரண்டு வாரம் கழித்து, 1906 பிப்ரவரி 23-ந் தேதி, வீட்டை விட்டுக் கிளம்பினார். மறுபடியும் பாரிஸ். இந்தத் தடவை திரும்பி வரும் எண்ணம் இல்லை.

ரில்கேக்கு ஒரு கடிதம் எழுதினார். எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றே தெரியவில்லை என்றார். மோடர்சோனும் இல்லை, பெக்கரும் இல்லை, நான் நானாகத்தான் இருக்கிறேன் என்ற பொருளில் முடித்தார்.

பாரிசில் ஹெட்கர் என்ற ஜெர்மன் சிற்பி இருந்தார். பவுலா அவருடைய சிற்பங்களைப் பார்க்கப் போனார். பேச்சுவாக்கில்தான், பவுலாவும் படம் வரைகிறவர் என்பது ஹெட்கருக்குத் தெரிய வந்தது. உடனே வந்து பார்த்தார். நல்ல படங்கள் என்று மனதாரச் சொன்னார். பவுலா அழுதுவிட்டார். பத்து வருஷ உழைப்புக்குக் கிடைத்த பாராட்டு அது.

அந்த வேகத்தில் பவுலா இரவும் பகலும் வரைந்தார். மே 25-ந் தேதி, கலியாண நாளில், தம் உருவத்தைத் தாமே வரைந்தார். கழுத்தில் மஞ்சள் மணிமாலை. இடுப்புக்கு மேல் ஆடை இல்லை. இரண்டு கைகளும் வயிற்றை அணைத்திருக்கின்றன, பிள்ளைத்தாய்ச்சியைப் போல! உண்மையில் அப்போது அவர் கர்ப்பமாக இல்லை. எதைச் சுமப்பதாக நினைத்து வரைந்தாரோ! பெண் ஓவியர் ஒருவர் தம்மை ஆடையின்றித் தாமே வரைந்துகொண்டது மேல்நாட்டு ஓவிய வரலாற்றில் இதுதான் முதல் தடவை என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

ஆனால் அதைவிட முக்கியம், படத்தின் கீழ்மூலை. 30 வயதில், ஆறாவது கலியாண நாளில் இதை வரைந்தேன் என்று பவுலா எழுதியிருக்கிறார். (கலியாணம் நடந்த நாளையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்.) அதன் கீழே கையெழுத்து. "பி. பி." பவுலா பெக்கர். கலியாண நாளன்று வரைந்த படத்தில் கணவர் பெயரின் எழுத்து இல்லை!

இத்தனை உறுதி இருந்தும் அவர் ஏன் திரும்பினார்? பணம்! படம் விற்கவில்லை. பாரிசில் அறை வாடகைக்கும், சாப்பாட்டுக்கும், வண்ணத்துக்கும் பிரிந்து வந்த கணவரிடமே கேட்டு வாங்கவேண்டிய நிலை. செப்டம்பரில், நாம் பிரிந்துவிடுவோம் என்று ஓட்டோவுக்கு எழுதினார். சில நாட்களில், ஹெட்கர் எடுத்துச் சொன்னதன் பேரில், மனதை மாற்றிக்கொண்டு எழுதினார். ஓட்டோ பாரிசுக்கு வந்தார். தனியாக நிற்கக்கூடிய பெண் தாம் இல்லை என்று தெரிந்துகொண்டதாகக் கிளாராவுக்குப் பவுலா எழுதினார். தமக்கு வேண்டியது வேலை செய்ய அமைதி ஒன்றுதான் என்றும் எழுதினார்.

இதைத் தோல்வி என்று சொல்லுகிறவர்கள் உண்டு. சொல்லுகிறவர்கள், சம்பளம் இல்லாமல் ஒரு மாதம் அந்நிய ஊரில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம்!

பதினெட்டு நாள்

1907-ம் ஆண்டு வசந்தத்தில் கணவன் மனைவி இருவரும் வோர்ப்ஸ்வேட திரும்பினார்கள். பவுலா கர்ப்பமாக இருந்தார். நவம்பர் 2-ந் தேதி பெண் குழந்தை பிறந்தது. கஷ்டமான பிரசவம். மயக்க மருந்து கொடுத்து ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள்.

படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்றார் டாக்டர். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். பவுலா 18 நாள் படுத்திருந்தார். நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் கால் நரம்புகளில் ரத்தம் உறைந்து கட்டியாகும். எழுந்து நடக்கும்போது அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும். இது இன்று டாக்டர்களுக்குத் தெரியும். அதனால்தான் இப்போது பிரசவம் ஆன பெண்களைச் சீக்கிரமே எழுப்பி நடக்கச் சொல்கிறார்கள்.

நவம்பர் 20-ந் தேதி எழுந்திருக்க அனுமதி கிடைத்தது. பவுலா கண்ணாடி முன் உட்கார்ந்து தலையைப் பின்னி, பின்னலைத் தலையைச் சுற்றி முடிந்துகொண்டார். ரோஜாப் பூக்களை ஆடையில் குத்திக்கொண்டார். கணவரும் சகோதரரும் துணைக்கு வர, நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தையைக் கொண்டு வந்து மடியில் கொடுத்தார்கள். திடீரென்று காலில் வலி. சாய்ந்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஷாட." தமிழில் "அடடா!" என்று சொல்வோமே, அந்த மாதிரி.

உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தக் குடியானவர் வீட்டு அறைக்குள் நுழைந்து, அடுக்கி வைத்திருந்த படங்களை எடுத்து வரிசைப்படுத்தினார்கள். எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நடந்து போகும் தூரத்தில் இருந்த அறை அது!

மறு வருஷம் ரில்கே பவுலாவுக்காக ஓர் இரங்கற்பா எழுதினார். உலகப் புகழ் பெற்ற கவிதை. அதன் தலைப்பிலும் பவுலாவின் பெயர் இல்லை. ஒரு சிநேகிதிக்கு என்றுதான் இருக்கிறது. 1917-ல் பவுலாவின் கடிதங்களும் நாட்குறிப்பும் புத்தகமாக வந்தன. ஜனங்கள் விரும்பிப் படித்தார்கள். நன்றாகக் கடிதம் எழுதிய பெண் என்று பெயர் பரவியது. படம்? பிறகு பார்த்துக்கொள்ளலாம்! வோர்ப்ஸ்வேட கல்லறையில் ஹெட்கர் செய்த சிற்பம் இருக்கிறது. தாய் சாய்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை. பவுலாவைப் புரிந்துகொண்ட ஹெட்கரும்கூட அந்தக் கையில் ஒரு தூரிகையைக் கொடுக்கவில்லை.

பெயரைத் திருப்பிக் கொடுத்தவர் ஒரு காப்பி வியாபாரி! பிரேமன் நகரத்து ரோசலியஸ். காப்பியிலிருந்து காபீன் சத்தை எடுத்துவிட்டு விற்கும் தொழிலில் பணம் சம்பாதித்தவர். பவுலாவின் படங்களைத் தேடித் தேடி வாங்கினார். 1927-ல் அவற்றுக்காகவே ஒரு காட்சி சாலை கட்டினார். கட்டிடத்தை வடிவமைத்தவர் ஹெட்கர். ஒரு பெண் ஓவியருக்கென்றே உலகில் எழுந்த முதல் காட்சி சாலை அது. இன்றும் பிரேமனில் இருக்கிறது.

1937-ல் ஹிட்லர் ஆட்சி, கெட்டுப்போன கலை என்று முத்திரை குத்தி, ஜெர்மன் காட்சி சாலைகளிலிருந்து பவுலாவின் படங்கள் சுமார் 70-ஐ வாரிக்கொண்டு போயிற்று. பவுலா பெற்ற குழந்தை மதில்டே 90 வயது வரை வாழ்ந்தார். தாயின் படங்களைக் காப்பதற்கு 1978-ல் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்திவிட்டு, 1998-ல் காலமானார்.

அமெரிக்காவில் பவுலாவின் படங்களை மட்டும் வைத்து ஒரு பெரிய காட்சி சாலை கண்காட்சி நடத்த 2024-ம் ஆண்டு ஆயிற்று. முதலில் நியூயார்க், பிறகு சிகாகோ.

ஓட்டோ மோடர்சோனுக்கும் ஜெர்மனியில், பிஷர்ஹூட என்ற ஊரில், தனிக் காட்சி சாலை உண்டு. அவரும் நல்ல ஓவியர்தான். ஆனால் ஜெர்மனிக்கு வெளியே அவரை யார் என்று கேட்டால், வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பவுலாவின் கணவர்!"